அப்புறம் அந்த டேப்பை யார் கேட்டார்கள்? போலீஸ் விசாரணைப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1988 பிப்ரவரியில், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் போலீஸ் ஒருவரைப் பிடித்து, ஐந்து நாட்களில் சுமார் 13 மணி நேரம் விசாரித்தது. தான் அங்கே இல்லை, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் 300 தடவைக்கு மேல் சொன்னார். கடைசியில் உடைந்துபோய், அங்கே இருந்ததாக ஒப்புக்கொண்டார். 1990-ல் அவரையும் சேர்த்து மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணை டேப் ஒன்றைப் போட்டுக் கேட்டார்கள். தலைமை நீதிபதி லார்ட் டெய்லர் திகைத்துப்போனார். கை நீட்டி அடிப்பது ஒன்றைத் தவிர, இதைவிட மூர்க்கமான, மிரட்டலான விசாரணையை நினைத்துப் பார்ப்பதே கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார். மூவரும் விடுதலையானார்கள். 2003-ல் டிஎன்ஏ சோதனை வழியாக வேறொருவர் பிடிபட்டு, கொலையை ஒப்புக்கொண்டார். தண்டனை அனுபவித்த மூவருக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தக் கேஸை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சட்டம் கேட்டதில் பெரும்பகுதி அந்த அறையில் இருந்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலான நேரம் வழக்கறிஞரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும், முதல் நாள் டேப்பைக் கேட்டுவிட்டு, "இப்படிக் கேட்டால் உண்மை வராது, நிறுத்துங்கள்" என்று இரண்டாம் நாள் காலையில் சொல்ல ஒருவரும் வரவில்லை.

இந்தக் கட்டுரை கொலையைப் பற்றியது அல்ல. இதுபோன்ற டேப்புகள் வெளியே வந்த பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் போலீசார் எல்லோருக்கும் விசாரிக்கக் கற்றுக்கொடுக்க முடிவு செய்தன. அந்த முயற்சிக்கு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் என்ன ஆனது என்பதுதான் இங்கே விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் நல்ல பாடம். ஆனால் வகுப்பு முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பிய அதிகாரியின் விசாரணையை மறுபடி உட்கார்ந்து கேட்க ஆள் வைக்கவில்லை. சறுக்கல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடந்தது. புலனாய்வுத் திறனுக்குத் தொடர் பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த வரலாற்றைத்தான் எடுத்து வைப்பேன்.

மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற காலம்

1990-க்கு முன் விசாரிப்பதைத் தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது அபூர்வம். புதிதாக வந்தவர் மூத்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மூத்தவர் நல்லவராக அமைந்தால் நல்ல பழக்கம், இல்லாவிட்டால் அவருடைய கெட்ட பழக்கமும் சேர்ந்து வந்தது. ஆளைப் பார்த்ததுமே குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும், மிச்சமிருப்பது அவர் வாயால் அதைச் சொல்லவைப்பது மட்டுமே என்பதுதான் இப்படி வழிவழியாக வந்த பாடத்தின் அடிப்படை நம்பிக்கை.

அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பது 1970-களிலேயே தெரிய ஆரம்பித்தது. 1972-ல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் மூன்று பையன்களின் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பித் தண்டனை கொடுத்தார்கள். 1975-ல் அது ரத்தானது. அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் வழியாகத்தான் 1984-ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. 1986-ல் அது அமலுக்கு வந்தபின், விசாரணையை டேப்பில் பதிவு செய்வது படிப்படியாக வழக்கமாகிவிட்டது. 1974-ல் கில்ஃபோர்டிலும் பர்மிங்ஹாமிலும் குண்டு வெடித்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் 1989-லும் 1991-லும் விடுதலையானார்கள். அந்த வழக்குகளிலும் விசாரணையில் வாங்கிய வாக்குமூலம்தான் முக்கியச் சாட்சியமாக இருந்தது. பர்மிங்ஹாம் அறுவர் வெளியே வந்த அதே நாளில், 1991 மார்ச் 14 அன்று, குற்றவியல் நீதி முறையை ஆராய அரச ஆணையம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது.

இந்த நேரத்தில் ஜான் பால்ட்வின் என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். பதிவான விசாரணைகள் 600-ஐ எடுத்துப் பொறுமையாகப் பார்த்தும் கேட்டும் 1992-ல் முடிவை வெளியிட்டார். முரட்டு வில்லன்களை எதிர்பார்த்து அதைப் படித்தவர்களுக்கு வேறொன்று காத்திருந்தது. அவர் அதிகம் பார்த்தது திணறலைத்தான். அதிகாரிகள் கேஸ் விவரமே தெரியாமல் உள்ளே போகிறார்கள். குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கவே தொடங்குகிறார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். என்ன நிரூபிக்க வேண்டும் என்பதையே கேட்காமல் எழுந்து வருகிறார்கள். 600 பேரில், விசாரணையின்போது தன் கதையை முழுக்க மாற்றிக்கொண்டவர்கள் 20 பேர் மட்டும். ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டவர்கள். அப்படியானால், ஆளை உடைத்து உண்மையைக் கறக்கும் கெட்டிக்காரத்தனம் என்று போலீஸ் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்த திறமை பெருமளவு கற்பனை. பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைத்திருக்காது.

ஐந்து நாள் பாடம்

உள்துறை அமைச்சகம் 1992-ல் விசாரணைக்கான ஏழு கொள்கைகளைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. சுமார் 1,27,000 போலீசாருக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. 1993 முதல் ஐந்து நாள் வகுப்புகள் தொடங்கின. அந்த முறைக்குப் பெயர் 'பீஸ்'. ஆங்கிலத்தில் சமாதானம் என்று பொருள் தரும் சொல். அதன் ஐந்து எழுத்துகளும் விசாரணையின் ஐந்து கட்டங்களைக் குறித்தன.

முதல் கட்டம், திட்டமிட்டுத் தயாராவது. அதாவது, எது தெரியும், எது தெரியாது, எதை நிரூபிக்க வேண்டும் என்று உள்ளே போவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்வது. இரண்டாவது, எதிரே இருப்பவரோடு பேச்சைத் தொடங்கி, என்ன நடக்கப்போகிறது என்று விளக்குவது. மூன்றாவதுதான் இதயம்: அவர் தன் விவரத்தைச் சொல்லட்டும், பிறகு தெளிவுபடுத்து, கடைசியாகக் கையிலிருக்கும் ஆதாரத்தோடு அது பொருந்தாத இடத்தைக் கேள். நான்காவது, முறையாக முடிப்பது. ஐந்தாவது, நடந்த விசாரணையை மதிப்பிடுவது. கிடைத்த தகவலை மட்டும் எடைபோட்டால் போதாது, கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்துக்கு இரண்டு முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒத்துழைக்கும் சாட்சிக்கு, அமெரிக்க உளவியலாளர்கள் ரோனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் உருவாக்கிய முறை. சம்பவம் நடந்த இடத்துக்கு மனதளவில் திரும்பிப் போகச் சொல்லி, குறுக்கிடாமல் பேசவிட்டு, நினைவைத் துழாவ உதவும் முறை அது. ஒத்துழைக்காத சந்தேக நபருக்கு, எரிக் ஷெப்பர்ட் வகுத்த உரையாடல் நிர்வாக முறை.

குறுக்கிடாமல் இருப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஃபிஷர் குழு 1987-ல் வெளியிட்ட ஆய்வில் போலீசார் நிஜ சாட்சிகளை விசாரித்த டேப்புகளை அலசியது. நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, சாட்சி பேசத் தொடங்கிய சராசரியாக 7.5 வினாடியில் அதிகாரி குறுக்கே பாய்ந்தார். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரம்கூட இல்லை. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் சாட்சி தானாகப் பேசுவதை விட்டுவிடுவார். கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பார்.

முதல் ரிசல்ட்டும் இரண்டாவது ரிசல்ட்டும்

1993-ல் ஆரம்ப வகுப்புகளை மதிப்பிட்டபோது ரிசல்ட் நன்றாக வந்தது. பயிற்சி பெற்றவர்களின் அறிவும் திறமையும் கூடியிருந்தன. ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது, வகுப்புகள் நாடு முழுக்கப் பரவின.

பிறகு கொலின் கிளார்க்கும் ரெபெக்கா மில்னும் நாடு தழுவிய மதிப்பீடு ஒன்றைச் செய்து 2001-ல் அறிக்கை கொடுத்தார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் அறிக்கை அது. சந்தேக நபர்களின் விசாரணைகளில் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு விசாரணை சட்டத்தையே மீறியிருக்கலாம் என்று தோன்றும்படி இருந்தது. அதைவிடக் கவலை தந்தது சாட்சிகளின் விசாரணை. அவை இன்னும் மோசம். வகுப்பில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்த நினைவு முறையை நிஜத்தில் ஏறக்குறைய யாருமே பயன்படுத்தவில்லை. அதிகாரி தன் ரிப்போர்ட்டுக்குத் தேவையான வாக்கியங்களைச் சாட்சி வாயிலிருந்து பொறுக்கி எடுத்து எழுதிக்கொண்டார்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் இல்லை என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பயிற்சி பெற்றவரைப் பார்த்துப் பெறாதவரும் மாறியிருக்கலாம், ஸ்டேஷனின் பொதுப் பழக்கமே ஓரளவு உயர்ந்திருக்கலாம். 1992-ல் பால்ட்வின் கேட்டதோடு ஒப்பிட்டால், மிரட்டலும் அதட்டலும் நிச்சயமாகக் குறைந்திருந்தன. அதனால் அந்த ஐந்து நாள் வகுப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மனோபாவத்தை மாற்றியது, அது பெரிய சாதனை. ஆனால் கைத்திறன் ஒட்டவில்லை. அதட்டக்கூடாது என்பதை ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்ளலாம். அதட்டாமல் எப்படிக் கேட்பது என்பது நீச்சல் மாதிரி, இறங்கிப் பழகாமல் வராது.

ஏன் ஒட்டவில்லை? வேலைப்பளு ஒரு காரணம், மறுக்க முடியாது. ஒரு ஷிஃப்டில் பல கேஸ் குவியும்போது திட்டமிடும் கட்டம்தான் முதலில் காணாமல் போகும். ஆனால் அந்த அறிக்கையை முழுக்கப் படித்தால் கண் நிற்கும் இடம் வேறு. வேலையிடத்தில் மேற்பார்வை இல்லை, அல்லது பேருக்கு இருந்தது. டேப் பதிவாகி, சீல் வைக்கப்பட்டு, அலமாரிக்குப் போனது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் மட்டும் யாராவது அதைத் திறப்பார்கள், அதுவும் வழக்குக்கு எது தேவையோ அதைத் தேடித்தான். கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதற்காக டேப்பைப் போட்டுக் கேட்டவர்கள் அபூர்வம். ஐந்தாம் கட்டம், அதாவது மதிப்பிடுவது, பாடத்தில் இருந்தது. அதைச் செய்ய ஆளும் நேரமும் யாரும் ஒதுக்கவில்லை.

மயாமியில் இருந்தது, இங்கே விட்டுப்போனது

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன ஒப்பீடு. நினைவு முறையைப் போலீஸ் கையில் கொடுத்தால் நிஜமாகவே வேலை செய்யுமா என்று ஃபிஷர் குழு ஏற்கெனவே சோதித்திருந்தது. 1989-ல் வெளியான அந்தச் சோதனை மயாமியில், கொள்ளை கேஸ்களைப் பார்க்கும் துப்பறியும் அதிகாரிகளோடு நடந்தது. பயிற்சியை முடித்தவர்கள் ஏழு பேர். பயிற்சிக்கு முன் கிடைத்ததைவிட 47 சதவீதம் அதிகத் தகவல் அவர்களுக்குச் சாட்சிகளிடமிருந்து கிடைத்தது. பயிற்சி பெறாத சக அதிகாரிகளோடு ஒப்பிட்டால் 63 சதவீதம் அதிகம்.

இந்த எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பயிற்சி எப்படி நடந்தது என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. ஒரு மணி நேர அமர்வுகள் நான்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு அதிகாரியும் நிஜமான ஒரு சாட்சியை விசாரித்து, அந்த டேப்பைக் கொண்டுவந்தார். ஆய்வாளர்கள் அதைக் கேட்டு, எங்கே குறுக்கிட்டார், எங்கே நல்ல கேள்வியை நழுவவிட்டார் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். வகுப்பு நேரம் மொத்தம் நான்கு மணி. இங்கிலாந்து ஐந்து நாள் கொடுத்தது. வகுப்பு நேரத்தில் மயாமி எங்கேயோ பின்னால் இருக்கிறது, ஆனால் டேப்பைத் திரும்பக் கேட்டது அங்கேதான். முறையைக் கடல் கடந்து கொண்டுவந்தபோது இந்தப் பகுதி விட்டுப்போனது. ஏழு பேருக்குச் செய்வதை ஒரு லட்சம் பேருக்கு எப்படிச் செய்வது என்ற மலைப்பு புரிகிறது. ஆனால் மருந்தில் வேலை செய்யும் பாகத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் நோய் எப்படித் தீரும்?

இது என் ஊகம் மட்டுமல்ல. குழந்தைகளிடம் விசாரிப்பவர்களை வைத்து மைக்கேல் லாம்ப் குழு செய்த ஆய்வுகள் இதையே நேரடியாகக் காட்டின. விசாரிப்பவர்களுக்குத் தீவிரப் பயிற்சியும், அதன்பின் அவர்கள் நடத்திய விசாரணைகளின் மேல் தொடர்ந்து கருத்தும் கொடுத்தபோது, விரிவாகப் பேசவிடும் திறந்த கேள்விகள் கூடின, குழந்தைகள் தாமாகச் சொன்ன விவரமும் கூடியது. 2002-ல் வெளியான ஆய்வு அடுத்த கேள்வியைக் கேட்டது: கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டால்? ஆறே மாதத்தில் தரம் இறங்கிவிட்டது. அதே ஆட்கள், அதே பயிற்சி, அதே வழிகாட்டிப் படிவம். தொடர்ந்து கேட்டுச் சொன்ன குரல் மட்டும் இல்லை.

குழந்தையின் வாக்குமூலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தவறான கேள்வி குழந்தை மனதில் நடக்காத ஒன்றைப் பதித்துவிடலாம், நடந்த ஒன்றை நீதிமன்றத்தில் மதிப்பில்லாமலும் ஆக்கிவிடலாம். அந்த அறையில் இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அனுபவசாலிக்கு எதற்குப் பயிற்சி?

தொடர் பயிற்சி என்றதும் மூத்த அதிகாரிகளிடமிருந்து வரும் முதல் கேள்வி இது. இருபது வருஷமாக விசாரிக்கிறேன், எனக்கென்ன புதிதாக? இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது வருட அனுபவத்தில் சட்டம், ஆட்கள், குற்றம் நடக்கும் விதம் எல்லாம் அத்துப்படியாகியிருக்கும். ஆனால் தன் தீர்ப்பு சரியா தப்பா என்று உடனே தெரியாத வேலையில் அனுபவம் திறமையாக மாறுவதில்லை. சமைப்பவருக்கு ருசி உடனே தெரிந்துவிடும். விசாரித்தவருக்கு, தான் நழுவவிட்ட தகவல் என்ன என்பது எப்போதுமே தெரியாமல் போகலாம். நிரபராதி ஒப்புக்கொண்டால்கூட அது வெற்றியாகத்தான் பதிவாகும். கார்டிஃபில் அதுதான் நடந்தது.

பொய்யைக் கண்டுபிடிப்பதை எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பேச்சையும் முகத்தையும் பார்த்து மெய் பொய் சொல்பவர்களின் துல்லியம் சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50. தொழில்முறையாகப் பொய் பிடிப்பவர்களும் மற்றவர்களைவிட மேலாக வரவில்லை. சால் காசின் குழு 2005-ல் சிறைக்கைதிகளின் நிஜ வாக்குமூலங்களையும் பொய் வாக்குமூலங்களையும் போலீசாருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் காட்டியது. அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் போலீசார். அதிகம் சரியாகச் சொன்னவர்கள் மாணவர்கள். இதில் போலீசாரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. யாரும் திருத்தாமல் வருடக்கணக்கில் செய்துகொண்டே வந்தால் நம்பிக்கை மட்டும் வளரும், எந்தத் தொழிலிலும் அப்படித்தான்.

தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளச் சொல்வதும் போதாது. விசாரிப்பவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மார்க்கும் நிபுணர்கள் போட்ட மார்க்கும் ஒத்துப்போகாததைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. "நான் திறந்த கேள்விதான் கேட்கிறேன்" என்று உண்மையாகவே நம்பும் அதிகாரியின் டேப்பில், ஒரு வார்த்தைப் பதிலோடு முடிந்துவிடும் மூடிய கேள்விகள் வரிசை கட்டி நிற்கும்.

அடுக்குகள், அப்புறம் தேய்மானம்

2001 அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் திட்டத்தை மாற்றின. எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பதை விட்டுவிட்டு ஐந்து அடுக்குகள் கொண்டுவந்தார்கள். புதியவர்களுக்கு அடிப்படை, வழக்கமான குற்றங்களைப் பார்ப்பவர்களுக்கு அடுத்தது, கொலை, பாலியல் வன்முறை போன்ற கேஸ்களுக்கு மேம்பட்ட பயிற்சி. நான்காவது அடுக்கு மேற்பார்வைக்கென்றே வைத்தது. ஐந்தாவது, பெரிய கேஸ்களில் விசாரணை உத்தியை ஒருங்கிணைத்து ஆலோசனை சொல்பவருக்கு. மேற்பார்வையைத் தனித் திறமையாக ஏற்று அதற்கென ஓர் அடுக்கே கொடுத்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

மூன்றாம் அடுக்கின் பயிற்சி மூன்று வாரம். ஆண்டி கிரிஃபித்ஸும் மில்னும் அதை மதிப்பிட்டார்கள். பயிற்சி முடிந்த கையோடு நடந்த விசாரணைகள் நன்றாக இருந்தன, இந்தத் தடவை திறமை வேலையிடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் காலம் போகப்போக, சிக்கலான திறமைகள் தேயத் தொடங்கின. உரிமைகளைப் படித்துச் சொல்வது போன்ற, ஒப்பிக்கக்கூடிய விஷயங்கள் நிலைத்தன. பதிலைக் கவனித்துக் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பது போன்றவை முதலில் தேய்ந்தன. மூன்று வாரம் கொடுத்தும் பராமரிப்பு இல்லாவிட்டால் இதுதான் கதி.

நார்வே 2000-களின் தொடக்கத்தில் இதே அடிப்படையில் 'கிரியேட்டிவ்' என்ற தன் பயிற்சியைத் தொடங்கியது. அங்கேயும் பின்னணியில் ஒரு பொய் வாக்குமூலக் கேஸ் உண்டு. 2021-ல் வெளியான, விசாரணைக்கான சர்வதேச வழிகாட்டியான மெண்டஸ் கோட்பாடுகள், விசாரிப்பது தனிப் பயிற்சி வேண்டிய ஒரு தொழில்திறன் என்று உலகத்துக்கே பொதுவாக எழுதி வைத்துவிட்டன.

ஒரு டேப்பை எப்படிக் கேட்பது

கிரிஃபித்ஸ் தந்த கருவி ஒன்று தொடர் பயிற்சிக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. விசாரணையின் ஒவ்வொரு கேள்வியையும் அதன் வகைப்படி ஒரு கோட்டில் புள்ளியாக வைத்து, நேர வரிசையில் இணைத்துக்கொண்டே போவது. திறந்த கேள்வி மேலே, துருவும் கேள்வி அதற்குக் கீழே, அப்படியே இறங்கி வந்தால் பதிலைத் தானே எடுத்துக்கொடுக்கும் வழிகாட்டும் கேள்வி, கேள்வி மேல் கேள்வி, இதுவா அதுவா என்று கேட்பது எல்லாம் அடியில். நல்ல விசாரணையின் வரைபடம் மேலே தொடங்கி மெல்ல இறங்கி, அடுத்த விஷயத்துக்கு மறுபடி மேலே ஏறும். மோசமான விசாரணையின் வரைபடம் கீழேயே தத்தளிக்கும். பேச்சில் சொன்னால் மனம் ஏற்காத அதிகாரிகூடத் தன் வரைபடத்தைப் பார்த்தால் அமைதியாகிவிடுவார்.

விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு துண்டு இது. பை பறிப்பு கேஸ், தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற சாட்சி.

அதிகாரி: நடந்ததை உங்க போக்குல சொல்லுங்க.
சாட்சி: நான் ரோட்டைக் கடக்க நின்னுட்டிருந்தேன். ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் கொஞ்சம்...
அதிகாரி: பைக்ல வந்தாங்களா?
சாட்சி: இல்ல, நடந்துதான்.
அதிகாரி: பறிச்சவன் உயரமா, குள்ளமா?
சாட்சி: உயரம்னு நினைக்கிறேன்.
அதிகாரி: நீலச் சட்டை போட்டிருந்தான், இல்லையா?
சாட்சி: ஆமா, நீலமா இருக்கும்.
அதிகாரி: கையில ஏதாவது வச்சிருந்தானா, எந்தப் பக்கம் ஓடினான், வேற யாராவது பார்த்தாங்களா?
சாட்சி: வேற யாரும் பார்க்கல.

முதல் கேள்வி அருமை. இரண்டாவது கேள்வி அதைக் கொன்றுவிட்டது. "ஒருத்தன் கொஞ்சம்" என்னவாக இருந்தான்? நொண்டினானா, தடுமாறினானா, தயங்கினானா? ஒருவேளை அந்த ஒரு சொல்லில்தான் கேஸே இருந்திருக்கும். உயரமா குள்ளமா என்று கேட்டால், நடுத்தர உயரத்துக்காரனும் உயரமாகிவிடுவான். நீலச் சட்டை சாட்சியிடமிருந்து வரவில்லை, அதிகாரியிடமிருந்து வந்தது. நாளை நீதிமன்றத்தில் அது சாட்சியின் சொல்லாக நிற்கும். கடைசியில் மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டதால் மூன்றாவதுக்கு மட்டும் பதில் வந்தது. கையில் என்ன, எந்தப் பக்கம் ஓடினான் என்பது இரண்டும் காற்றில் போய்விட்டன, போனதை அதிகாரி கவனிக்கவும் இல்லை.

இப்போது மேலதிகாரி இந்த டேப்பை வைத்து என்ன செய்ய வேண்டும்? எல்லாத் தவறையும் அடுக்கிக் காட்டினால் அந்த அதிகாரி அடுத்த விசாரணையில் பயந்துகொண்டே உட்காருவார். முதலில் அவரையே கேட்கச் சொல்ல வேண்டும். "ஒருத்தன் கொஞ்சம்" வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, "அவர் என்ன சொல்ல வந்தார்?" என்று மட்டும் கேட்டால் போதும். பெரும்பாலோருக்கு அந்த இடத்திலேயே உறைக்கும். அடுத்த டேப்புக்கு ஒரே ஒரு வேலை: சாட்சி தானாக நிறுத்தும்வரை வாய் திறக்காதே. அது பழகிய பிறகுதான் வழிகாட்டும் கேள்விகளின் முறை. இரண்டு மூன்று வாரம் விட்டு அடுத்த டேப். ஒரே நாளில் எட்டு மணி நேரம் திணிப்பதைவிட இப்படி இடைவெளி விட்டுச் செய்வது ஒட்டுகிறது. கற்றல் பற்றிய ஆராய்ச்சியில் பழைய, உறுதியான முடிவுகளில் இதுவும் ஒன்று.

நேரம் எங்கே என்ற கேள்வி வரும். முழு டேப்பையும் கேட்க வேண்டியதில்லை, சாட்சி விவரம் சொல்லத் தொடங்கும் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடம் கேட்க, இருபது நிமிடம் பேச. எட்டு பேர் கொண்ட குழுவுக்கு மாதம் ஆளுக்கு ஒன்று என்று வைத்தால், மேலதிகாரிக்கு மாதத்துக்கு நான்கு மணி நேரம். மயாமியில் கொடுத்த வகுப்பு நேரமும் அதுதான். அந்த நான்கு மணி நேரத்தை டியூட்டி பட்டியலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதல் அவசர கேஸ் வந்ததும் அது காணாமல் போகும்.

இன்னொன்றிலும் நான் பிடிவாதமாக இருப்பேன். இப்படிக் கேட்கும் டேப் தண்டனைக்குப் போகக்கூடாது. சட்டமீறல் இருந்தால் அது வேறு, அதை மறைக்கக் கூடாது, உரிய இடத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் திணறலுக்கும் தடுமாற்றத்துக்கும் மெமோ கொடுக்க ஆரம்பித்தால், அடுத்த மாதம் எல்லோரும் தங்களிடம் இருப்பதில் நல்ல டேப்பைத் தேடித்தான் கொண்டுவருவார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய டேப் அலமாரியிலேயே இருந்துவிடும்.

மிச்சமிருக்கும் சிக்கல், மேலதிகாரியே பழைய பழக்கத்தில் ஊறியவராக இருந்தால் என்ன செய்வது என்பது. 1990-களில் பல இடங்களில் இதுவும் நடந்திருக்க வேண்டும். வகுப்பிலிருந்து புது முறையோடு திரும்பிய இளைஞரிடம், "அதெல்லாம் வகுப்போடு விட்டுவிடு, இங்கே வேலை நடக்க வேண்டும்" என்று ஒரு மூத்தவர் சொன்னால், ஐந்து நாள் பாடமும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் எந்த ஸ்டேஷனிலாவது இப்படியொரு மாதாந்திரக் கூட்டம் தொடங்கச் சொன்னால், முதல் மாதம் யார் டேப்பைப் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறையிலேயே பெரிய பதவியில் இருப்பவர் தன்னுடைய பத்து நிமிடத்தைப் போட வேண்டும், மற்றவர்கள் காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.